அமராவதி உட்காரவில்லை

கோபம் வந்தால் அமராவதி பேசமாட்டாள், எழுந்து நின்றுவிடுவாள். மங்கலத்தில், தறி நெய்கிற அவள் தகப்பனார் வீட்டில், இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ராட்டையின் முன்னால் உட்கார்ந்து நாளெல்லாம் நூல் சுற்றுவாள். ஆனால் யாராவது அநியாயமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கையில் இருக்கிற நூலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சுவரோரமாக நின்றுகொள்வாள். சொன்னவர்கள் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை உட்காரமாட்டாள். சோறும் நின்றபடியேதான். "இவளக் கட்டிக்கிட்டுப் போறவன் என்ன பாடு படப் போறானோ" என்று அவள் அம்மா மூக்கைச் சிந்துவாள்.

கட்டிக்கொண்டு போனவன் ரத்தினசாமி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காலண்டர் மிஷின் ஓட்டினான். சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே துணியை விட்டு மொடமொடப்பாக்கி எடுக்கிற இயந்திரம் அது. பகலெல்லாம் உருளை, வேலை விட்டால் கிட்டார். கோயமுத்தூரில் மாதா கோயில் பாட்டுக் குழுவில் வாசித்த ஒருவரிடம் பழசாக வாங்கிய கிட்டார் அது. அதே கம்பெனியில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்த குமாரவேல் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று எங்கே கூப்பிட்டாலும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் குழுவில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ரத்தினசாமி முன்னால் வந்து நின்றால், கூட்டத்தில் அமராவதிக்கு மட்டும் மூச்சு நின்றுபோகும்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு மத்தியானம், சுருங்கிப்போன துணியை நீவிவிடப் போன அவனுடைய இடது கையை உருளை இழுத்துக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. கிட்டாரில் தந்தியை அழுத்துகிற கை அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், பனியன் துணியில் கிட்டாரைச் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டான். அதற்கப்புறம் மேடை இருக்கிற பக்கமே போகவில்லை. கம்பெனியிலும் அவனைக் காலண்டரிலிருந்து எடுத்து, மூட்டைகளுக்குக் காவல் போட்டுவிட்டார்கள். அந்த விரல்களோடு அந்த வீட்டுப் பாட்டும் போயிற்று என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அமராவதி ஒருநாள் முக்காலி போட்டு ஏறிக் கிட்டாரை இறக்கினாள்.

"அதை எதுக்குப் புள்ள எடுக்கற?"

"தொங்கவிட்டா செல்லுதான் அரிக்கும். நீங்க எங்க அமுத்தோணும்னு சொல்லுங்க. நான் அமுத்தறனுங்க."

"தந்தியை அமுத்துனா வெரலு வெந்துரும்."

"உங்களுக்கு வேகலீங்களா?"

அவன் அழுதான் என்று, கூட வேலை பார்த்த தெய்வாத்தாளிடம் பிற்பாடு சொன்னாள். தான் அழுததைச் சொல்லவில்லை.

அவளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். செக்கிங். தைத்து வருகிற பனியன்களை விரித்துப் பார்த்து, ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் கண்டுபிடித்து ஒதுக்குவது. பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. முதலாளி அப்புசாமி உள்ளே வந்தால் மட்டும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அவர் கடந்து போனதும் உட்காரலாம். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் வாய்க்கு அந்தக் கம்பெனியே பயப்படும்.

அமராவதியின் விரல்கள் காய்த்துப்போய், பாட்டு படிய வருஷங்கள் ஆயின. வேறு கிட்டார்க்காரர் கிடைக்காமல் அலைந்த குமாரவேல் கடைசியில் அவளைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டாரே தவிர, டிரம்முக்குப் பின்னால் ஒரு பாயைப் போட்டு உட்காரவைத்தார். கூட்டத்துக்குக் கிட்டாரின் கழுத்து மட்டும் தெரியும். யார் வாசிப்பது என்று கேட்டால், "நம்ம ஆளுதானுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். இரண்டு மூன்று நோம்பிகள் இப்படிப் போயின. பிறகு ஒருநாள் ஒத்திகையில் அமராவதி எழுந்து நின்றாள்.

"இனிமே நின்னுதானுங்க வாசிப்பேன், குமாரவேலண்ணா. எங்க ஊட்டுக்காரர் நின்ன எடத்துல."

"அது ஆம்பள, அம்மிணி. தோள்ல மாட்டிக்கிட்டு நின்னா அழகா இருக்கும். நீ மாட்டிக்கிட்டு நின்னா, சேலை ஒரு பக்கம், வாரு ஒரு பக்கம்... சனம் பாட்டைக் கேக்குமா, உன்னையப் பாக்குமா?"

"ரெண்டுத்தையும் பண்ணட்டுங்க. காசு ஒண்ணுதானுங்களே."

குமாரவேல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் சுவரோரமாக நின்றதோடு சரி, கிட்டாரைத் தொடவில்லை. கிட்டார் இல்லாமல் ஒத்திகை சப்பென்று இருந்தது. கடைசியில் அவர் இறங்கிவந்தார். ஆனால் சும்மா இறங்கவில்லை.

"விஜயதசமிக்கு நம்ம கம்பெனிப் பந்தல்ல கச்சேரி இருக்குது. அன்னைக்கு நில்லு. தொடக்கத்துல இருந்து முடியற வரைக்கும் நிக்கோணும். நடுவுல கை வலிக்குது, வாரு வழுக்குதுன்னு உக்காந்தீன்னா, அதோட சரி. அப்புறம் எந்த மேடையிலயும் நிக்கற பேச்சை எடுக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதமுங்க."

எழுபத்திரண்டாம் வருஷம் அது. ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மிஷின்களை எல்லாம் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கத்தரிக்கோல், திருப்புளி, அளவு நாடா, எடைக்கல் என்று வேலைக்கு உதவுகிற எல்லாம் வாழையிலையில் ஏறின. அமராவதி வீட்டிலிருந்து கிட்டாரையும் கொண்டுவந்து அந்த வரிசையில் வைத்தாள்.

"இதுவும் உனக்குச் சோறு போடுதா?" என்றாள் தெய்வாத்தாள்.

"சோறு போடல. பசி தெரியாம பண்ணுது."

கிட்டாரின் அடிப்பக்கத்தில், தோள்வாரை மாட்டுவதற்கு ஒரு பித்தளைக் குமிழ் உண்டு. ஒரு திருகாணியால் மரத்தில் முடுக்கியிருக்கும். கொஞ்ச நாளாகவே அது லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மிஷின் மிஷினாகப் போய்ச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான், மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் அர்த்தநாரி. அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இதுக்கும் ரெண்டு சொட்டு உடு" என்றாள்.

"ஆடுதுங்களா அக்கா? ஆடுனா தாராளமா உடோணுங்க" என்று எண்ணெய்க் கேனின் மூக்கைக் குமிழுக்குள்ளேயே செருகிவிட்டான் அவன். சத்தம் வந்தால் எண்ணெய், ஆடினால் எண்ணெய், இறுகினால் எண்ணெய். பின்னல் மிஷினோடு வாழ்கிறவர்களுக்கு வேறு வைத்தியம் தெரியாது. இரும்பில் ஏறிய திருகாணியும் மரத்தில் ஏறிய திருகாணியும் ஒன்றில்லை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ரத்தினசாமியும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ராத்திரி முழுக்கக் கிட்டாரைப் படையலில் விட்டுப் போனார்கள். எண்ணெயைக் குடித்தபடி கிடந்தது அதன் மரம்.

விஜயதசமிக் காலையில் மறுபூஜை முடிந்து, மிஷின்களை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஆளாளுக்குத் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். "மாட்டிக் காட்டு புள்ள, சாயங்காலம் எப்பிடி நிப்பேன்னு பாக்கலாம்" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அமராவதி வாரைத் தோளில் போட்டு எழுந்தாள். நிமிர்வதற்குள் குமிழ் திருகாணியோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கிட்டார் தலைகீழாகப் போய்த் தெய்வாத்தாள் பக்கத்தில் குவித்துவைத்திருந்த கழிவுத் துணியில் விழுந்தது. அந்தக் குவியல் இல்லாவிட்டால் உடைந்தே போயிருக்கும்.

தைக்கிற இடத்திலிருந்து குமாரவேல் எட்டிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு, அம்மிணி. சாமியே உக்காரச் சொல்லீருச்சு. பாயைப் போட்டுரட்டுமா?"

அமராவதி குனிந்து திருகாணியைத் தேடி எடுத்தாள். "சாமி என்ற கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க. சொன்னாச் சொல்றேன்."

அன்றைக்கு உட்கார்ந்தால் இனி எப்போதும் உட்கார வேண்டும். அது அவளுக்கும் தெரியும், குமாரவேலுக்கும் தெரியும். கம்பெனியிலிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

திருப்புளியால் முடுக்கிப் பார்த்தாள். திருகாணி முறுக்கு ஏறாமல் சும்மா சுற்றியது. ரத்தினசாமி தீக்குச்சிகளை ஒடித்து, மிஷின் வார் ஒட்ட வைத்திருந்த வஜ்ஜிரத்தில் தோய்த்துத் துளைக்குள் திணித்தான். வழக்கமாக அப்படித்தான் செய்வான்; குச்சி இடத்தை அடைத்துக்கொள்ளும், திருகாணி பிடித்துக்கொள்ளும். அன்று குச்சிகள் பிடிக்கவில்லை. விரலால் இழுத்தால் வெண்ணெயில் வைத்த மாதிரி வந்தன. மோந்து பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"எண்ணெய், புள்ள. எண்ணெய் இருக்கற எடத்துல வஜ்ஜிரம் ஒட்டாது. நம்ம கையாலயே கெடுத்துப்போட்டம்."

அர்த்தநாரி எண்ணெய்க் கேனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அமராவதி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆசாரி பட்டறைக்கு ஓடினாள். ஆசாரி நெற்றி நிறைய விபூதியோடு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். உளியும் இழைப்புளியும் இன்னும் இலையிலேயே இருந்தன.

"சாயங்காலம் வெளக்கு வெச்சுத்தான் எடுப்பேன், அம்மிணி. அதுக்கு முந்தி தொடமாட்டேன். எங்கப்பன் காலத்துல இருந்து பழக்கம்."

"தொட வேண்டாமுங்க. என்ன பண்ணோணும்னு வாயில சொல்லுங்க, போதும்."

"வாயும் படையல்லதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்தவள் தன் இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிட்டார் மடியில் குப்புறக் கிடந்தது. தெய்வாத்தாள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

எண்ணெய்க் கறை பட்ட பனியன் வந்தால் என்ன செய்வார்கள் என்று அமராவதியின் கைக்குத் தெரியும். மேலாகப் பட்டிருந்தால் சாக்குக்கட்டித் தூளைப் போட்டு உறிஞ்ச விடுவார்கள். உள்ளே ஊறிவிட்டால் அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு வேறு துண்டு வைத்துத் தைப்பார்கள். அவள் சாக்குக்கட்டித் தூளைத் துளைக்குள் கொட்டி, கொஞ்ச நேரம் விட்டுத் தட்டினாள். தூள் மஞ்சளாகிக் கட்டி கட்டியாக விழுந்தது. மறுபடியும் போட்டாள்; மறுபடியும் மஞ்சள்.

"ஏனுங்க, ஊறிப்போன மரத்தை வெட்டி எறிஞ்சரலாமுங்க."

ரத்தினசாமி துளையை விரலால் மூடினான். "உள்ள இருக்கறது சின்னக் கட்டை. துளையைப் பெருசாக்கறப்ப அது பொளந்துச்சுன்னா, நிக்கறதும் இல்ல, உக்கார்றதும் இல்ல. கிட்டாரே இல்ல. இன்னைக்கு ஒருநா உக்காந்து வாசிச்சாத்தான் என்ன புள்ள? எனக்காவ."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ இரவுகள் அவனுக்குக் கஞ்சி ஊட்டியவள், அவன் கைக்கட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டியவள் அவள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அமராவதிக்கு வந்தது.

"உங்களுக்காவ பாயில உக்காந்தா, நாளைக்கு உங்களையும் பாய்க்குப் பின்னால தள்ளீருவாங்க. மாட்டனுங்க. பொளந்தாப் பொளக்கட்டும். நீங்க முட்டிக்கு நடுவுல இறுக்கிப் புடிச்சுக்கங்க. அர்த்தநாரி, கை டிரில்லு குடு."

"நான் துளைக்கட்டுங்களா அக்கா?"

"நீ எண்ணெய் போட்டது போதும்."

ரத்தினசாமி கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, மூன்று விரல் கையால் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டான். அமராவதி டிரில்லை மெதுவாகச் சுற்றினாள். முதலில் வந்த தூள் கருத்து, ஈரமாக, விரலில் ஒட்டியது. அவள் ஊதிவிட்டு, இன்னும் கொஞ்சம் பெரிய முனையை மாட்டிச் சுற்றினாள். ஒரு தடவை மரம் கிரீச்சென்றது. ரத்தினசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் கையை நிறுத்தி, மூச்சை விட்டு, மறுபடி சுற்றினாள். கடைசியில் வெளுத்த தூள் வந்தது. உள்ளங்கையில் வைத்து ஊதியபோது பறந்தது.

உடைந்த பாபின் ஒன்றைத் தேடி எடுத்தாள். நூற்பாலையிலிருந்து நூல் சுற்றி வருகிற கட்டை அது, நல்ல வைரமான மரம். அதில் ஒரு சில்லைப் பிளந்து, அரிவாள்மணையில் சீவிச் சீவி, துளைக்கு இறுக்கமாக ஒரு முளை செய்தாள். சூடான வஜ்ஜிரத்தை முளையிலும் துளையிலும் தடவி, மரச்சுத்தியால் தட்டி இறக்கினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைச் சமமாக அறுத்தாள். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில், அனல் படுகிற இடத்தில் கிட்டாரைச் சாய்த்துவைத்துவிட்டு, யாரும் தொடாமல் பக்கத்திலேயே காவல் நின்றாள்.

"உக்காந்துதான் காவல் இரேன்" என்றாள் தெய்வாத்தாள்.

"பழகிக்கறேன்."

பந்தலில் ஒலிபெருக்கிக்காரன் 'அலோ அலோ' சொல்ல ஆரம்பித்தபோதுதான் அவள் முளையைத் தொட்டாள். இறுகியிருந்தது. திருகாணியைவிட ஒல்லியான முனையால் முளையின் நடுவில் ஒரு சின்னத் துளை போட்டு, குமிழை வைத்து, திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாக ஏற்றினாள். கடைசிச் சுற்றில் திருப்புளி நகர மறுத்தது. வாரை மாட்டி, கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டு, இரண்டு கையையும் எடுத்தாள். தொங்கியது.

"நான் வேணா ஒரு தடவ தொங்கிப் பாக்கட்டுமா?" என்றாள் தெய்வாத்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மேடையில் அவள் நின்ற இடம் ரத்தினசாமி நின்ற இடம்தான். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். அதற்கு மேல் தோள்வார். கீழே மணலில் கம்பெனிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்துக் கம்பத்தின் அருகில் ரத்தினசாமி நின்றான். முதல் பாட்டில் ஓரிடத்தில் தந்தி பிசகியது. இரண்டாவது பாட்டு பிசகில்லாமல் போயிற்று. குமாரவேலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்; தலையாட்டியது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

அப்போது முதலாளி அப்புசாமி வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. விருந்தாளிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தவர் மேடையைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் குமாரவேலை விரலால் கூப்பிட்டார். குமாரவேல் இறங்கிப்போய்க் குனிந்து கேட்டுக்கொண்டு, திரும்பி வரும்போது ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அமராவதிக்குப் பின்னால் அதைப் போட்டார்.

"அம்மிணி, நான் சொல்லல. முதலாளி சொல்றாரு. வந்தவங்க முன்னால நல்லா இல்லையாம். பாய் இல்ல பாரு, நாற்காலி. மரியாதையா உக்காந்து வாசி."

குமிழ் பிடித்துக்கொண்டிருந்தது. கை வலிக்கவில்லை. வார் வழுக்கவில்லை. அவளை உட்காரவைக்க இனி மிச்சமிருந்தது ஒரு மனிதருடைய வார்த்தை மட்டும்தான். அதே மனிதர் கொடுக்கிற கூலியில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. அமராவதி கம்பத்தருகே நின்ற ரத்தினசாமியைப் பார்த்தாள். பகலில் உட்கார்ந்து வாசி என்று கெஞ்சியவன், இப்போது உட்காராதே என்று ஒரே ஒரு தடவை தலையை இடமும் வலமும் அசைத்தான்.

அவள் முன்வரிசையைப் பார்த்தே பேசினாள். பாடகருக்காக வைத்திருந்த மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"தெனமும் நீங்க வந்தா எந்திரிச்சு நிக்கோணும்னு சட்டமுங்க. இன்னைக்கு நிக்கறேன், உக்காரச் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க முதலாளி. ரெண்டையும் நான் எப்பிடிங்க பண்றது?"

மணலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெய்வாத்தாள்தான். அவள் சிரித்ததும் பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். அப்புறம் வரிசையாக எல்லாரும். அப்புசாமி கையைக் கட்டிக்கொண்டார். எழுந்து போனால் ஒரு செக்கிங்காரியின் பேச்சுக்குப் போனதாக விருந்தாளிகள் சொல்வார்கள். உட்கார்ந்தே இருந்தார். அவருடைய விருந்தாளி ஒருவர், "பாடச் சொல்லுங்க சாமி, நேரமாவுது" என்றார்.

குமாரவேல் நாற்காலியை என்ன செய்வது என்று தெரியாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டுங்ணா, எடுக்காதீங்க" என்றாள் அமராவதி. பிறகு கம்பத்துப் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நாற்காலி சும்மாதான கெடக்குது. மேல வாங்க. வந்து உக்காருங்க."

ரத்தினசாமி அசையவில்லை. அவன் மேடையில் கால்வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அர்த்தநாரி அவன் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினான். படியில் ஒரு தடவை தடுமாறி, அவன் ஏறி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கண்ணில் நீர் நிறைந்து விளக்கெல்லாம் கலங்கித் தெரிந்திருக்க வேண்டும். துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அமராவதி அவனுக்கு அரை அடி முன்னால், கால்களை ஊன்றி நின்றாள்.

"அடுத்த பாட்டு எதுங்ணா?" என்று கேட்டாள்.

குமாரவேல் போய் உட்கார்ந்து, ஆர்மோனியத்தின் துருத்தியை இழுத்தார்.